தண்டனை முடிந்தவருக்கு ஊரில் இடம் உண்டா?

1942 ஆகஸ்டில் திருவாடானைக் கிளைச் சிறையை மக்கள் உடைத்துத் திறந்தார்கள். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கைதாகி அங்கே அடைக்கப்பட்டிருந்த தேவகோட்டை சின்ன அண்ணாமலையைப் பட்டப்பகலில் மீட்டுக்கொண்டு வந்தார்கள். தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. காரைக்குடியில் கம்பன் கழகம் கண்ட சா.கணேசனும் விடுதலைப் போரில் சிறை சென்றவர்தான். சிறைக்குப் போய் வந்தவரைத் தெருவே கூடி நின்று அழைத்துப்போன பூமி இது.

அதே பூமிக்கு இன்று தண்டனை முடிந்து வருகிறவர் எப்படித் திரும்புகிறார்? மதுரை மத்திய சிறை வாசலில் காலையில் விடுதலையானால், மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, மேலூர், திருப்பத்தூர் வழியாகப் பிற்பகலுக்குள் காரைக்குடி வந்துவிடலாம். அங்கிருந்து கண்டனூருக்கு டவுன் பஸ் உண்டு. ஆனாலும் காரைக்குடிப் பேருந்து நிலையத்திலேயே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்ததாக ஒருவர் என்னிடம் சொன்னார். வெளிச்சத்தில் ஊருக்குள் நுழைய அவருக்குக் கால் வரவில்லை. இத்தனைக்கும் நீதிமன்றம் விதித்த தண்டனை முழுவதையும் அவர் அனுபவித்து முடித்திருந்தார்.

சட்டத்தின் கணக்கில் தண்டனை முடிகிற நாள் ஒன்று உண்டு. ஊரின் கணக்கில் அப்படியொரு நாள் குறிக்கப்படுவதே இல்லை. சிறைச் சீர்திருத்தம் பற்றி ஆணையங்களும் நீதிமன்றங்களும் எவ்வளவோ பேசிவிட்டன. ஆனால், விடுதலையாகிறவர் போய்ச் சேருகிற இடம் கண்டனூர், புதுவயல், சாக்கோட்டை போன்ற ஊர்கள். திருவிழாவுக்கும் குடமுழுக்குக்கும் கூடிப் பேசுகிற இந்த ஊர்கள், சிறையிலிருந்து வரப்போகும் தங்கள் மனிதரைப் பற்றியும் அவர் வருவதற்கு முன்பே கூடிப் பேச வேண்டும் என்பதுதான் நான் முன்வைக்கும் கோரிக்கை.

ஊர் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை வ.உ.சி.யின் வாழ்க்கையிலேயே பார்த்துவிட்டோம். 1908-ல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, 1912 டிசம்பர் 24 அன்று கண்ணனூர் சிறையிலிருந்து அவர் வெளியே வந்தார். தூத்துக்குடியில் அவர் பேச்சைக் கேட்கத் திரண்ட கூட்டம் அந்த வாசலில் இல்லை. சிறையில் தொழுநோய்க்கு ஆளாகியிருந்த சுப்பிரமணிய சிவா வந்து நின்றார். வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பிழைக்கப் பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியிடமிருந்து வந்து சேருவதற்குள் பல கடிதங்கள் போய்வர வேண்டியிருந்தது. பின்னாளில் சன்னதைத் திரும்பப் பெற உதவிய ஆங்கிலேய நீதிபதி வாலஸின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையரை எதிர்த்துக் கப்பல் விட்டவர், ஒரு வெள்ளைக்காரரின் பெயரைத் தன் பிள்ளைக்குச் சூட்டும் அளவுக்கு நன்றி பாராட்டினார் என்றால், பறிபோன பிழைப்பு திரும்பக் கிடைப்பது சிறை மீண்டவருக்கு எவ்வளவு பெரிது என்று புரிந்துகொள்ளலாம். வ.உ.சி.க்கே இந்த நிலை என்றால், அடிதடியில் உள்ளே போன கூலித் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்கள்?

சிவகங்கைச் சீமையில் ஒருவர் ஊரோடு இருக்கிறாரா இல்லையா என்பதற்கு ரேஷன் அட்டையைப் பார்க்க வேண்டியதில்லை. நகரத்தார்க்குக் கோயிலில் புள்ளிக் கணக்கு இருக்கிறது. மற்றவர்களுக்குத் தலைக்கட்டு வரி இருக்கிறது. திருவிழாவுக்கு வரி பிரிக்க வருகிறவர்கள் எந்த வாசலில் நிற்கிறார்கள், எந்த வாசலைத் தாண்டிப் போகிறார்கள் என்பதில் எல்லாம் அடங்கிவிடும். இந்தப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். வரப்புத் தகராறில் நடந்த கொலைக்காக மூத்த மகன் ஆயுள் தண்டனை பெற்று உள்ளே போனார். அவர் உள்ளே இருந்த காலமெல்லாம் தாய் ஒற்றை ஆளாக வரி கொடுத்தார், ஊரும் வாங்கிக்கொண்டது. மகன் திரும்பி வந்த ஆண்டு, வரி பிரிக்க வந்தவர்கள் வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அப்புறம் வாங்கிக்கிறோம் ஆத்தா" என்று நோட்டை மூடிக்கொண்டு போனார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. அந்தப் பணத்தை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வரிய வாங்கிக்கச் சொல்லுங்க தம்பி. வேற ஒண்ணும் கேக்கல."

வரி பிரிக்க வந்தவர்களையும் நான் அறிவேன். கெட்ட மனிதர்கள் இல்லை. அந்த வீட்டை விலக்கி வைக்க ஊர் எந்தக் கூட்டத்திலும் முடிவெடுக்கவில்லை. செத்துப்போனவரின் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ, வாங்கினால் வம்பு வருமோ என்று ஆளாளுக்குத் தயங்கினார்கள். யாரும் எதையும் பேசாமலேயே ஒரு குடும்பம் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. பேச்சு தொடங்கினாலே இதில் பாதி சரியாகிவிடும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இதுதான்.

வேலைக்கு வருவோம். புதுவயலில் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. மூட்டை தூக்க, களத்தில் நெல் காயவைக்க ஆள் கிடைக்காமல் வடமாநிலத்தவரைத்தான் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். சிறையிலிருந்து வந்த உள்ளூர்க்காரரை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டால், திருடிவிடுவார் என்று யாரும் சொல்லவில்லை. "எங்க திருட்டு நடந்தாலும் போலீஸ் இங்கதான் வந்து நிக்கும், நமக்கு எதுக்கு" என்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. காவல் நிலையத்தில் ஒருவர் பெயர் சரித்திரப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அது இறங்குவது லேசான காரியம் இல்லை. நகை காணாமல் போனாலும் பைக் காணாமல் போனாலும் முதலில் தட்டப்படுவது அந்த வீட்டுக் கதவுதான்.

ஆளைப் பட்டியலில் ஏற்றிக் கண்காணிக்கும் இந்தப் பழக்கம் நம் பகுதிக்குப் புதிதல்ல. 1911-ல் திருத்தி எழுதப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஊர் ஊராக மனிதர்களைக் கைரேகைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947-ல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. ஆனால், வழக்கமான குற்றவாளி என்ற முத்திரை வேறு சட்டங்களின் வழியாக நீடித்தது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிவாரியாக வேலை பிரிப்பதும் இடம் பிரிப்பதும் அரசமைப்புக்கு எதிரானவை என்று தீர்ப்பளித்தது. சிறைப் பதிவேட்டில் சாதிக்கான கட்டத்தையே நீக்கச் சொன்னது. நம் பாளையங்கோட்டைச் சிறையும் அந்த வழக்கில் பேசப்பட்டது. சிறைக்குள் இருக்கும் பதிவேட்டை உச்ச நீதிமன்றம் திருத்த முடியும். டீக்கடைப் பேச்சில் இருக்கிற பதிவேட்டை ஊர்தான் திருத்த வேண்டும்.

இதே சிவகங்கை மாவட்டத்தில், மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் 2025 ஜூன் மாதம் நகை காணவில்லை என்ற புகாரின்பேரில் போலீஸ் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டு, அடித்துக் கொல்லப்பட்டார். அவர் தண்டனை பெற்றவர் அல்லர். சந்தேகத்துக்கே இந்த விலை. அப்போது மாநிலமே கொதித்தது. திருப்புவனத்தில் மக்கள் திரண்டார்கள். நியாயமான கோபம். ஆனால், நாம் சாவு விழுந்த பிறகுதான் கூடுகிறோம். ஒருவர் உயிரோடு ஊருக்குத் திரும்புகிறபோது கூடுவதற்கு நமக்கு வழக்கம் இல்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய்யாகும். நம் மாவட்டத்திலேயே புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. நன்னடத்தை காட்டிய தண்டனைக் கைதிகள் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள், ஆடு மாடு வளர்க்கிறார்கள். உயர்ந்த மதில் இல்லாத இடத்தில் அவர்கள் ஓடிப்போகாமல் வயல் வேலை பார்க்கிறார்கள் என்பதை இந்த மாவட்டத்துக்காரர்கள் போய்ப் பார்த்திருக்கிறோமா? சிறைத் துறை நடத்தும் பெட்ரோல் பங்குகளில் கைதிகள் வண்டிக்கு எண்ணெய் போட்டுக் காசு வாங்கிச் சில்லறை கொடுக்கிறார்கள். 2023-ல் புழலில் பெண் கைதிகளே நடத்தும் பங்க் திறக்கப்பட்டது. அங்கே காரை நிறுத்துகிற யாரும் பயந்து ஓடுவதில்லை. சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு அமைத்துச் சிறை நூலகங்களுக்குப் புத்தகம் திரட்டினார்கள். மக்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். 1975-ல் 'பல்லாண்டு வாழ்க' படத்தில் எம்.ஜி.ஆர். கொலைக் கைதிகளை அழைத்துக்கொண்டுபோய்த் தரிசு நிலத்தைத் திருத்தியபோது கைதட்டாத கொட்டகை உண்டா? திரையில் கைதட்டுகிறோம், புத்தகம் கொடுக்கிறோம், பெட்ரோலும் போட்டுக்கொள்கிறோம். ஆனால், அதே மனிதர் நம் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால் பதில் மாறிவிடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. தண்டனைக் கைதிக்கு விடுப்பு கொடுக்கத் தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன. பரோல் என்று நாம் சொல்வது இதைத்தான். விடுப்புக்கு மனுச் செய்தால் நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வேண்டும். காவல் நிலையத்திலிருந்தும் அறிக்கை போக வேண்டும். அந்த அறிக்கையில் 'ஊரில் எதிர்ப்பு உள்ளது' என்று ஒரு வரி இருந்தால் போதும், மகளின் கல்யாணத்துக்கு அவர் வருவதே சந்தேகம்தான். அந்த வரி எப்படி உருவாகிறது? காவலர் ஒருவர் வந்து முக்கில் நிற்கும் இரண்டு பேரிடம் கேட்பதில் அது முடிந்துவிடுகிறது. ஆக, ஊரின் கருத்தை அரசு இப்போதும் கேட்கத்தான் செய்கிறது. வெளிச்சத்தில் கேட்காமல் காதோடு காதாகக் கேட்கிறது. அந்தக் கேள்வியை மன்றத்தில் வைத்து எல்லோர் முன்னாலும் கேட்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

கேட்கும்போது, தண்டனை பெறாமலேயே உள்ளே இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். இவர்களில் பலருக்கு ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைப்பதில்லை. வீட்டு வரி ரசீதோடு கோர்ட்டில் வந்து நிற்க இரண்டு பேர் இல்லாததால் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கிறார்கள். 2022 அரசமைப்பு நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இந்த ஏழைகளைப் பற்றி மனம் கலங்கப் பேசினார். 2023-ல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி ஜாமீன் தொகைக்காக விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்டத் தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் கிடைக்கும் என்று அப்போது அறிவித்தார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளேயே கழித்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும் ஒன்றுக்கு மேல் வழக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. வாரா வாரம் மனு போட்டு மகனைப் பார்த்துவிட்டு வரும் தாய்மாரில் எத்தனை பேருக்கு இவையெல்லாம் தெரியும்? சட்ட விழிப்புணர்வு முகாம்கள் நம் ஊர்களில் நடக்கத்தான் நடக்கின்றன. வாகன விபத்து இழப்பீடு, போக்சோ, முதியோர் பராமரிப்பு பற்றியெல்லாம் சொல்கிறார்கள். எல்லாம் தேவைதான். சிறையிலிருந்து வருபவரைப் பற்றிய பேச்சு மட்டும் நான் போன முகாம்களில் என் காதில் விழுந்ததில்லை.

வந்தவருக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டால் மலைப்பாக ஒன்றும் இருக்காது. ரேஷன் அட்டையில் விடுபட்டுப்போன பெயரைச் சேர்க்க வேண்டும். ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். முடங்கிப்போன வங்கிக் கணக்கை உயிர்ப்பிக்க வேண்டும். சிறையில் உழைத்த கூலியில் அவர் பங்காகச் சேர்ந்த தொகையை அதில்தான் போட முடியும். பத்தாண்டு கழித்து வந்தவர் டீக்கடையில் எல்லோரும் போனை நீட்டிக் காசு கொடுப்பதைப் பார்த்து, தன் கையிலிருக்கும் நோட்டு செல்லுமா என்று கேட்டாராம். பணமதிப்பு நீக்கம் அவர் உள்ளே இருந்தபோது நடந்தது. கூடப் போய் வரிசையில் நிற்க ஒரு ஆள் இருந்தால் இவையெல்லாம் சில நாள் வேலை. ஆள் இல்லாவிட்டால் அவர் எந்த அலுவலக வாசலையும் மிதிக்கமாட்டார். அவரைத் தேடி வருபவர்கள் வேறு ஆட்கள். உள்ளே பழக்கமானவர்கள், பழைய பகைக்கு ஆள் சேர்ப்பவர்கள். நிபந்தனை ஜாமீனில் கையெழுத்துப் போடப் போகும் வழியிலேயே வெட்டிக் கொல்லப்படுகிறவர்களின் செய்தியைத் தென்மாவட்டத்தில் அடிக்கடி படிக்கிறோம். ஊர் விலகி நிற்கிற இடத்தில் கும்பல் வந்து நின்றுகொள்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எழ வேண்டும். குத்துப்பட்டுச் செத்தவனின் வீடும் இதே ஊரில்தானே இருக்கிறது? அவர்கள் கண் முன்னால் கொலைகாரனுக்கு மாலை போடச் சொல்கிறாயா?

இந்தக் கேள்விக்கு மேலவளவை நினைக்காமல் பதில் சொல்ல முடியாது. காரைக்குடியிலிருந்து மதுரை போகிற வழியில், மேலூரை ஒட்டிய ஊர். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் இன்னும் ஐந்து தலித்துகளும் அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தேர்தலில் நின்று வென்றதுதான் முருகேசன் செய்த குற்றம். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 13 பேரை 2019 நவம்பரில் தமிழ்நாடு அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் பதறின. வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. சாதியின் பேரால் கொன்றவர்கள் அதே சாதித் திமிர் மாறாத ஊருக்குத் திரும்பினால், அது மறுவாழ்வு ஆகாது. உயிரோடு இருப்பவர்களுக்கு விடப்படும் மிரட்டல். நான் கேட்கும் ஊர்க்கூட்டத்தில் முதல் நாற்காலி பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத்தான். அவர்களிடம் தனியாகப் பேசி, அவர்கள் என்ன அஞ்சுகிறார்கள், என்ன உறுதி வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். மன்னிக்கச் சொல்லி அவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது. திரும்பி வருபவர் வேறு ஊரில் குடியேறுவதுதான் நியாயம் என்று அவர்கள் சொன்னால், அதையும் கூட்டம் பொறுப்போடு பேச வேண்டும். மாலை, மேளம், போஸ்டர் எதுவும் கூடாது. சாதிச் சங்கம் தன் ஆளை வரவேற்க வைக்கும் பேனரும் ஊர் தன் மனிதரை ஏற்பதும் ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை.

கூடிப் பேசுவதால் என்ன பயன் என்பதற்குக் கடல் கடந்த ஓர் உதாரணம் உண்டு. செட்டிநாட்டார் கொண்டுவிற்கப் போன ஊர்தான், சிங்கப்பூர். அங்கே 2004-ல் மஞ்சள் நாடா இயக்கம் தொடங்கியது. தொடங்கிவைத்தவர் அப்போதைய அதிபர், தமிழரான எஸ்.ஆர்.நாதன். சிறை மீண்டவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கச் சொல்லி முதலாளிகளையும் அக்கம்பக்கத்தாரையும் நோக்கிப் பேசிய இயக்கம் அது. ஆண்டுதோறும் ஓட்டம் நடத்தினார்கள். கைதிகள் சமைத்த உணவை மக்கள் சாப்பிட்டார்கள். வேலை தர முன்வந்த நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். விடுதலையான இரண்டாண்டுக்குள் மறுபடி சிறைக்குப் போகிறவர்கள் அங்கே இப்போது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் இது இரு மடங்காக இருந்தது. அந்த நாடு இன்னும் தூக்குத் தண்டனையை விடவில்லை. போதைப்பொருள் வழக்கில் நாகேந்திரன் தர்மலிங்கத்தை 2022 ஏப்ரலில் தூக்கிலிட்டதை மறக்க முடியாது. அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலாளியையும் தெருக்காரரையும் கூட்டத்துக்கு வரவழைத்ததை எடுத்துக்கொள்ளலாம்.

விடுதலை வேறு, வீடு சேருவது வேறு என்பதை, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற சாந்தன் விஷயத்தில் நாம் கண்ணால் கண்டோம். 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதன் பிறகும் திருச்சி சிறப்பு முகாமில் வைக்கப்பட்டு, யாழ்ப்பாணத்தில் காத்திருந்த தாயிடம் போய்ச் சேராமலேயே, 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். அவருடைய ஊர் கடலுக்கு அப்பால் இருந்தது. கண்டனூர்க்காரருக்கு மதுரை சில மணி நேரத் தொலைவு.

கூட்டத்தை எப்படி நடத்துவது? ஊரில் கல்யாண மண்டபத்துக்கும் பள்ளி அரங்குக்கும் பஞ்சமில்லை. கோயில் வரி பிரிக்கத் தொடங்குவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்தவரை மேடையில் ஏற்றி அவருடைய கதையைச் சொல்லச் சொல்லக் கூடாது. அவர் ஒன்றும் காட்சிப் பொருள் இல்லை. வேண்டுமானால் வரட்டும், வந்தால் கூட்டத்தோடு கூட்டமாக உட்காரட்டும். பேச வேண்டியவர்கள் மற்றவர்கள். நன்னடத்தை அலுவலர் வந்து, அடுத்த ஆறு மாதத்தில் இந்தப் பகுதிக்கு எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று பெயர் சொல்லாமல் சொல்லட்டும். இன்ஸ்பெக்டர் வந்து, வேலை கொடுத்த முதலாளியைத் தொந்தரவு செய்யமாட்டோம் என்று எல்லோர் முன்பும் சொல்லட்டும். அரிசி ஆலைக்காரர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கிராம நிர்வாக அலுவலரும் வங்கிக் கிளை மேலாளரும் எந்தக் காகிதத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லட்டும். பரமக்குடியிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிற கண்டனூர்க்காரர்கள், குடமுழுக்குக்கு அனுப்புகிற பணத்தில் ஒரு சிறு பங்கை விடுதலையானவரின் முதல் மூன்று மாத வாடகைக்கு ஒதுக்கட்டும். மகளிர் குழுக்களை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும். உள்ளே போனவரின் குடும்பத்தை இத்தனை காலம் கடன் கொடுத்துத் தாங்கிப்பிடித்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

முதல் கூட்டத்துக்கு இருபது பேர் வந்தாலே பெரிது. அதில் ஒருவர் ஜாமீன்தாரராக நிற்க ஒப்புக்கொண்டால், ஓர் ஆலைக்காரர் ஒருவருக்கு வேலை கொடுத்தால், அடுத்த கூட்டத்துக்கு ஆள் தானாக வரும். வட்ட சட்டப் பணிகள் குழு காரைக்குடி நீதிமன்றத்திலேயே இருக்கிறது. கண்டனூரில் இப்படியொரு முகாம் நடத்தித் தாருங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தால் நாள் குறித்துத் தருவார்கள். மனுவை இந்த மாதமே எழுதிவிடலாம்.